ஒரே சர்வரில் நான்கு நெட்வொர்க் கார்டு: நான்கு வழி போட்டும் ஒரு வழியில்தான் வண்டி போகிறது

எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
திங்கள் இரவு 9.20

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் கணினி சம்பந்தப்பட்ட வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி ஆட்கள் வருவார்கள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். சிடி ஸ்கேன், எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் படங்கள் எல்லாம் ஒரே சர்வரில் சேர்கின்றன. டெபியன் லினக்ஸ் ஓடுகிறது.

காலை பத்து மணி ஆனதும் திணற ஆரம்பிக்கிறது. சிடி படம் ஒன்று 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக ஒரு படம் அரை எம்பி. வயிற்று ஸ்கேன் ஒன்றில் 500 படம் இருந்தால் 250 எம்பி. காலை எட்டு மணிக்கு டாக்டர் திறந்தால் சட்டென்று வருகிறது. பத்தரைக்குத் திறந்தால் ஐம்பது விநாடி, சில நேரம் ஒரு நிமிடம். உள்ளே நோயாளி வலியோடு படுத்திருக்கிறார், வெளியே டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். அதைப் பார்க்கவே மனது கேட்கவில்லை.

சர்வரில் ஏற்கெனவே இரண்டு ஒரு கிகாபிட் போர்ட் இருந்தது. போன மாதம் இரட்டைப் போர்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகினேன். இப்போது நான்கு. ஒவ்வொரு போர்ட்டும் சர்வருக்குத் தனி கார்டு மாதிரிதான், அதனால் கார்டு என்றே சொல்கிறேன். நான்குக்கும் தனித்தனி முகவரி கொடுத்தேன்: 192.168.10.5, 10.6, 10.7, 10.8. டாக்டர்களுக்கு 5, சிடி மெஷினுக்கு 6, பேக்கப்புக்கு 7, ரிசப்ஷனுக்கும் எக்ஸ்ரே அறைக்கும் 8. டாக்டர்களின் கணினிகள் 192.168.20 வரிசையில் (வேறு சப்நெட், அதாவது வேறு முகவரிக் குழு) இருக்கின்றன. ஸ்விட்ச்சே ரவுட்டர் வேலையும் செய்கிறது. முதல் இரண்டு கார்டுக்கு கேட்வே (வேறு வரிசைக்குப் போகும் வாசல்) கொடுத்திருக்கிறேன்.

நான்கு வழி இருந்தால் நெரிசல் குறைய வேண்டும்தானே? இன்று பத்தரை மணிக்கு ரேக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்விட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போர்ட் விளக்கு விடாமல் மினுங்குகிறது. மற்ற மூன்றும் எப்போதாவது ஒரு முறை கண் சிமிட்டுகின்றன. அப்புறம் இன்னொன்று, இதுதான் எனக்குப் புரியவே இல்லை. 10.6 கேபிளைக் கையில் உருவி வைத்துக்கொண்டு ரிசப்ஷன் கணினியிலிருந்து 10.6-க்கு பிங் ("இருக்கிறாயா?" என்ற சோதனைக் கேள்வி) கொடுத்தால் பதில் வருகிறது. கேபிளே இல்லாத கார்டு எப்படிப் பதில் சொல்லும்?


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
திங்கள் இரவு 10.05

தம்பி, அந்தக் கேபிளை உருவிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

லினக்ஸில் ஐபி முகவரி கார்டுக்குச் சொந்தம் இல்லை, மொத்த சர்வருக்கும் சொந்தம். 10.6-ஐ எந்தக் கார்டில் எழுதி வைத்தாலும், "10.6 யார்?" என்ற கேள்வி எந்தக் கார்டு வழியாக உள்ளே வந்தாலும் சர்வர் "நான்தான்" என்று சொல்லிவிடும். சொல்லும்போது கேள்வி வந்த கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்ணை) கொடுக்கும். நான்கு கார்டும் ஒரே ஸ்விட்ச்சில், ஒரே வரிசையில் இருப்பதால் கேள்வி நான்கிலும் வருகிறது, நான்கும் பதில் சொல்கின்றன, கேட்ட கணினி ஏதோ ஒரு பதிலை எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்த "யார்?" கேள்வி-பதில் முறைக்கு ஏஆர்பி என்று பெயர், இந்தக் குழப்பத்துக்கு ஏஆர்பி ஃப்ளக்ஸ் என்று பெயர். கோளாறு என்று நினைக்காதீர்கள். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதி ஆவணம், முகவரி கார்டுக்குச் சொந்தம், சர்வருக்குச் சொந்தம் என்ற இரண்டு விதத்தையும் அனுமதிக்கிறது, லினக்ஸ் தளர்ந்த விதத்தை எடுத்துக்கொண்டது.

இது உள்ளே வரும் பாதை. வெளியே போகும் பாதை இதைவிட மோசம். எங்கே போக எந்தக் கார்டு என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையில் 192.168.10 வரிசைக்கு உங்களிடம் நான்கு வரி இருக்கும். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் வரியை எடுக்கும், எப்போதும் முதல் வரிதான். எந்த முகவரிக்குக் கேட்டார்கள் என்று அது பார்ப்பதில்லை, எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கிறது. வாளையார் சாவடியில் நான்கு கவுண்டர் திறந்து வைத்துவிட்டு எல்லா லாரிக்காரரிடமும் "ஒன்றாம் கவுண்டருக்குப் போ" என்று சொன்னால் வரிசை எப்படிக் குறையும்?

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ரிசப்ஷன் கணினியிலும் எக்ஸ்ரே கணினியிலும் ஏஆர்பி பட்டியலை எடுத்து 5, 6, 7, 8 நான்குக்கும் என்ன மேக் இருக்கிறது என்று பாருங்கள். சர்வரில் "ஐபி ரூட் கெட்" கட்டளையில் ரிசப்ஷன் முகவரியைக் கொடுத்து, "ஃப்ரம்" 10.8 என்று சேர்த்து, எந்தக் கார்டு வழியாகப் போவேன் என்கிறது என்று பாருங்கள். கார்டை மாற்றுவதோ அமைப்பை மாற்றுவதோ அதற்குப் பிறகுதான்.


தென்மலைத்தூறல், செங்கோட்டை
திங்கள் இரவு 10.40

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? நான்கையும் பாண்டிங்கில் (பல போர்ட்டை ஒன்றாகக் கட்டும் முறை) சேர்த்து மோட் 0 போட்டுவிடுங்கள். ஒரு பாக்கெட் (தரவுப் பொட்டலம்) இதில், அடுத்தது அதில் என்று சுற்றிச் சுற்றி அனுப்பும். நான்கு கிகாபிட் கிடைக்கும்.


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
திங்கள் இரவு 11.10

மோட் 0-ஐ மருத்துவமனையில் போடச் சொல்ல எனக்கு மனது வராது. பாக்கெட்டுகள் நான்கு வழியாகப் போனால் வரிசை மாறித்தான் சேரும். மூன்றாவது முதலில் வரும், இரண்டாவது பின்னால் வரும். டிசிபி (பாக்கெட்டுகள் ஒழுங்காகச் சேர்ந்தனவா என்று பார்க்கும் நெறிமுறை) அதைப் பார்த்து ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பச் சொல்லும், வேகத்தையும் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஸ்விட்ச்சிலும் அந்தப் போர்ட்டுகளைக் குழுவாகக் கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் ஒரே மேக் முகவரி நான்கு போர்ட்டில் மாறி மாறித் தெரிந்து ஸ்விட்ச் குழம்பும்.

பாண்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மோட், எத்தனை கார்டு என்பது பாக்கெட் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு வரும் பேச்சு.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
செவ்வாய் மதியம் 2.15

அண்ணா, பார்த்துவிட்டேன். ரிசப்ஷன் கணினியில் 5, 6, 8 மூன்றுக்கும் ஒரே மேக், முதல் கார்டுடையது. எக்ஸ்ரே கணினியில் 5-க்கும் 6-க்கும் மூன்றாவது கார்டின் மேக். நான் எழுதி வைத்தபடி எதுவுமே இல்லை. "ஐபி ரூட் கெட்" எந்த முகவரியிலிருந்து கேட்டாலும் முதல் கார்டைத்தான் சொல்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பேக்கப் இரண்டு மணிக்கு ஒரு முறை ஓடும்படி வைத்திருக்கிறேன். எட்டு, பத்து, பன்னிரண்டு. எட்டு மணி பேக்கப்பில் புதிதாக எதுவும் இருக்காது, உடனே முடிந்துவிடும். பத்து மணிக்கு காலையில் எடுத்த ஸ்கேன் எல்லாம் சேர்ந்து போகிறது. அது 10.7 வழியாகத் தனியாகப் போகிறது என்று நம்பியிருந்தேன். அதுவும் முதல் கார்டில்தான் டாக்டர்களோடு முட்டிக்கொண்டிருக்கிறது.


நகரித்தறி, நகரி
செவ்வாய் மாலை 6.30

இரண்டு கேட்வே கொடுத்திருக்கிறேன் என்றீர்களே, அதையும் விட்டுவிடாதீர்கள். நான் அதில் பட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு ஜவுளி மொத்த வியாபாரியின் பில்லிங் சர்வர் என் பொறுப்பு. அதற்கு இரண்டு இன்டர்நெட் லைன், இரண்டு கார்டு, இரண்டு கேட்வே. ஆந்திரக் கிளைகள் ஒரு லைனில் வருவார்கள், திருத்தணிப் பக்கத்துக் கிளைகள் இன்னொன்றில். ஒரு நாள் பார்த்தால் இரண்டாவது லைனில் வருபவர்களுக்கு இணைப்பே இல்லை. சர்வர் உயிரோடு இருக்கிறது, லைன் உயிரோடு இருக்கிறது, பாக்கெட் உள்ளே வருவது டிசிபிடம்ப்பில் (போகும் வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) தெளிவாகத் தெரிகிறது. பதில் மட்டும் போவதில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது.

காரணம் ஆர்.பி. ஃபில்டர். பெயரைப் பார்த்து ஏஆர்பி என்று நினைக்கக் கூடாது, இது வேறு. ஒரு கார்டில் பாக்கெட் வந்தால், "இந்த ஆளுக்குப் பதில் அனுப்புவதாக இருந்தால் இதே கார்டு வழியாகத்தான் அனுப்புவேனா?" என்று கர்னல் தன்னையே கேட்டுக்கொள்ளும். இல்லையென்றால் பாக்கெட்டை ஓசையில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மதிப்பு 1 என்றால் கறார். 2 என்றால், ஏதாவது ஒரு கார்டு வழியாக அந்த ஆளை அடைய முடிந்தால் போதும் என்று விட்டுவிடும். 0 என்றால் சோதனையே இல்லை. எங்களுடையது 1. நான் குறிப்பிட்ட கார்டுக்கு 0 போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. பொது அமைப்பில் இருக்கும் மதிப்பு, கார்டின் மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதைத்தான் கர்னல் எடுக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சிறு விஷயத்துக்கு ஓர் இரவு போயிற்று.

தூக்கிப் போடுவதைப் பார்க்க வேண்டுமானால் மார்ஷியன் லாக்கை இயக்கி வைத்தால் கர்னல் பதிவில் வரும். கடைசியில் ஆர்.பி. ஃபில்டரை அணைத்துத் தப்பிக்கவில்லை. பாலிசி ரூட்டிங் போட்டேன். ஒவ்வொரு லைனுக்கும் தனி அட்டவணை, அதில் அதற்கான கேட்வே. "இந்த முகவரியிலிருந்து கிளம்பினால் இந்த அட்டவணையைப் பார்" என்று ஒரு விதி. வந்த வழியே பதில் போனது, ஃபில்டர் 1-லேயே இருக்கிறது.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
செவ்வாய் இரவு 8.50

நன்றி சார். அப்படியானால் எனக்கும் நான்கு அட்டவணை போட்டுவிடலாமா?


நகரித்தறி, நகரி
செவ்வாய் இரவு 9.05

அக்கா என்று கூப்பிடுங்கள் தம்பி.

போடலாம், வேலையும் செய்யும். நான்கு அட்டவணை, நான்கு விதி, அதோடு ஏஆர்பி பக்கத்தில் ஆர்ப் இக்னோர் 1, ஆர்ப் அனௌன்ஸ் 2. முதலாவது, கேள்வி வந்த கார்டில் அந்த முகவரி இருந்தால் மட்டும் பதில் சொல்ல வைக்கும். இரண்டாவது, சர்வர் தானே கேள்வி கேட்கும்போது தப்பான முகவரியைச் சொல்லாமல் தடுக்கும். ஆனால் உங்கள் இடத்தில் நான் போட மாட்டேன். எனக்கு இரண்டு லைன் இரண்டு கம்பெனி, வேறு வழி இல்லை. உங்களுக்கு எல்லாம் ஒரே ஸ்விட்ச். ஒரே வரிசையில் நான்கு கார்டை உட்கார வைத்துவிட்டு, அவை ஒன்றின் பேச்சில் இன்னொன்று தலையிடாமல் பார்த்துக்கொள்ள இத்தனை காவல் போடுவது தேவையில்லாத பாரம். நாளைக்கு நீங்கள் லீவில் போனால் அதை யார் படித்துப் புரிந்துகொள்வார்?


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
செவ்வாய் இரவு 10.20

அக்கா சொன்னதோடு நானும் சேர்கிறேன். ஒரு வரிசைக்கு ஒரு கார்டு, அல்லது ஒரு வரிசைக்கு ஒரு பாண்ட். அதை மீறுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

என் யோசனை இது. சர்வரின் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட் ஒன்றையும், புதிதாகச் செருகிய கார்டில் இருக்கும் போர்ட் ஒன்றையும் எடுத்துப் பாண்ட் கட்டுங்கள். ஒரே கார்டின் இரண்டு போர்ட்டைக் கட்டினால் கார்டு போகும் நாளில் இரண்டும் போய்விடும். மோட் 4, எல்ஏசிபி, அதாவது சர்வரும் ஸ்விட்ச்சும் தமக்குள் பேசிக்கொண்டு போர்ட்டுகளைக் குழுவாகக் கட்டும் முறை. 2000-இல் 802.3ஏடி என்று வந்தது, 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்று வேறு எண்ணுக்குப் போனது. லினக்ஸிலும் ஸ்விட்ச் மெனுக்களிலும் பழைய பெயரே இன்னும் நிற்கிறது, குழம்ப வேண்டாம். ஸ்விட்ச்சிலும் அந்த இரண்டு போர்ட்டில் எல்ஏசிபி இயக்க வேண்டும். கேட்வே பாண்டில் மட்டும், ஒன்றே ஒன்று.

பேக்கப் பெட்டி அதே ரேக்கில்தானே இருக்கிறது? மூன்றாவது போர்ட்டிலிருந்து அதற்கு நேரடியாக ஒரு கேபிள் போடுங்கள். நடுவில் ஸ்விட்ச்சே வேண்டாம். கிகாபிட் போர்ட்டுக்கு க்ராஸ் கேபிள் தேடவும் வேண்டாம், சாதாரணக் கேபிள் போதும். அதற்கு முற்றிலும் வேறு வரிசை, 10.10.10.1, 10.10.10.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்வே கூடாது. பேக்கப் நிரலில் 10.10.10.2 என்று எழுதினால் அது வேறு எந்த வழியிலும் போக முடியாது. உங்கள் பத்து மணிப் பிரச்சினையில் பெரும் பங்கு அங்கேயே தீரும் என்று நினைக்கிறேன்.

நான்காவது போர்ட் சும்மா இருக்கட்டும். எல்லாப் போர்ட்டையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
செவ்வாய் இரவு 10.45

ஒரு சிக்கல் அண்ணா. சிடி மெஷினில் 10.6 என்று எழுதி வைத்திருக்கிறது. அதை மாற்றக் கம்பெனி இன்ஜினியர்தான் வர வேண்டும். சொல்லி வைத்தால் வர நாளாகும்.


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
செவ்வாய் இரவு 10.52

மாற்ற வேண்டாம். 10.6-ஐயும் 10.8-ஐயும் அதே பாண்டில் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிடுங்கள். மெஷினுக்கு எதுவும் தெரியாது. பழைய ஏஆர்பி பதிவு சிறிது நேரம் நிற்கும், பயந்துவிடாதீர்கள். ராத்திரி ஸ்கேன் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நெட்வொர்க் வழியாக உள்ளே நுழைந்து நெட்வொர்க்கை மாற்றக் கூடாது, கீபோர்டும் மானிட்டரும் செருகி சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து செய்யுங்கள்.


தென்மலைத்தூறல், செங்கோட்டை
புதன் காலை 7.30

மோட் 0 பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேற்று இரவு இரண்டு பழைய கணினியில் கட்டி ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகம் அளக்கும் நிரல்) ஓட்டிப் பார்த்தேன். ஒரே இணைப்பில் மறுஅனுப்பல் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

என் பங்குக்கு ஒன்று. பாண்ட் கட்டி முடித்ததும் ஒவ்வொரு கேபிளாக உருவிப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் மோட் 1 (ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும்) கட்டி இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் முதல் கேபிள் கழன்றது, இரண்டாவது எடுத்துக்கொள்ளவே இல்லை. எம்ஐஐமான் என்ற மதிப்பை யாரும் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது 0, அதாவது கேபிள் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. பார்க்காத பாண்டுக்கு எப்படித் தெரியும்? 100 என்று எழுதினால் 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை பார்க்கும். மோட் 4-இல் எழுத மறந்தால் கர்னலே 100 என்று எடுத்துக்கொள்ளும், ஆனாலும் எழுதி வைப்பது நல்லது.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
வியாழன் அதிகாலை 1.40

இப்போதுதான் முடித்தேன். பேக்கப் நேரடிக் கேபிள் நன்றாக ஓடுகிறது, ஐபெர்ஃபில் 941 மெகாபிட் வருகிறது. பாண்ட் எழுந்தது. கேபிளை உருவினால் மற்றொன்று எடுத்துக்கொள்கிறது.

ஆனால் இரண்டும் ஒன்றாக ஓடவில்லை. பாண்ட் நிலையைக் காட்டும் கோப்பைப் படித்தேன். இரண்டு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் எண் (எந்தக் குழு என்று காட்டும் எண்) வேறு வேறாக இருக்கிறது. ஒன்றுக்கு வேகம் 1000, இன்னொன்றுக்கு 100. கார்டு கோளாறா?


நகரித்தறி, நகரி
வியாழன் காலை 6.15

தூங்கிவிட்டு இதைப் படியுங்கள்.

கார்டைக் குறை சொல்லும் முன்னால் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொடவில்லை என்றாலும் இணைப்பு அறுந்து போகாது, 100-க்கு இறங்கி அமைதியாக ஓடும். விளக்கு எரியும், பிங் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. எல்ஏசிபி ஒரே வேகத்தில் இருக்கும் போர்ட்டுகளைத்தான் ஒரு குழுவில் சேர்க்கும். அதனால்தான் 100-இல் இருப்பது தனியாக நிற்கிறது.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
வியாழன் மதியம் 1.05

அக்கா, அதேதான். க்ரிம்ப் செய்த (கனெக்டரை அழுத்திப் பொருத்திய) முனையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பி பிளாஸ்டிக்கின் முன் விளிம்பு வரை வந்து செப்பு மினுமினுக்கிறது. எட்டாவது, முழுப் பழுப்பு, ஒரு நெல் நீளத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. கனெக்டரின் உலோக முள் அதன்மேல் இறங்கவே இல்லை. வெட்டி, எட்டையும் ஒரே மட்டமாக நறுக்கி மறுபடி க்ரிம்ப் செய்தேன். 1000. அக்ரிகேட்டர் எண் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

நான் முதலில் 10.8-க்குப் போட்டிருந்த கேபிள் இது. இத்தனை நாள் 100-இல்தான் ஓடியிருக்கிறது.

இன்று பத்தரைக்குப் பார்த்தேன். டாக்டருக்குப் பதினைந்து விநாடியில் வருகிறது. பெரிய வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு கார்டும் காட்டும் பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தால் வெளியே போவது இன்னும் ஒரே போர்ட்டில்தான். இரண்டாவதில் உள்ளே வருவது மட்டும் கொஞ்சம்.


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
வியாழன் இரவு 8.10

இது ஹாஷ். பாண்ட் ஒரு பாக்கெட்டை எந்தப் போர்ட்டில் அனுப்புவது என்று கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் லேயர்2. அனுப்புகிறவர் மேக், பெறுகிறவர் மேக் இரண்டையும் வைத்துக் கணக்கு. உங்கள் டாக்டர்கள் எல்லோரும் 20 வரிசையில். 10-லிருந்து 20-க்குப் போக வேண்டுமானால் பாக்கெட் கேட்வேயிடம் போகும், அதாவது ஸ்விட்ச்சின் மேக். பத்து டாக்டர் இருந்தாலும் சர்வர் கண்ணுக்கு ஒரே மேக். ஒரே மேக் என்றால் ஒரே விடை, ஒரே போர்ட்.

லேயர்3+4-க்கு மாற்றுங்கள். ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் (கேபிள் செருகும் போர்ட் இல்லை, இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) கணக்கில் சேரும். வேறு வேறு டாக்டர், வேறு வேறு இணைப்பு, வேறு வேறு வழி.


நகரித்தறி, நகரி
வியாழன் இரவு 8.40

லேயர்2+3 (மேக்கும் ஐபியும் மட்டும்) போதாதா? பாக்கெட் துண்டானால் பின்துண்டுகளில் போர்ட் எண் இருக்காது. அப்போது 3+4-இல் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் இரண்டு வழியில் போகும். அதனால்தான் அது முழுமையாக 802.3ஏடி விதிக்குள் அடங்காது என்று கர்னல் ஆவணமே சொல்கிறது.


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
வியாழன் இரவு 9.00

நீங்கள் சொல்வது சரி. இங்கே எல்லாம் டிசிபி, துண்டாவது அரிது. ஆனால் டாக்டர்கள் பத்துப் பேர் என்றால் ஐபியே போதுமான அளவு பிரித்துவிடும். தம்பி, முதலில் 2+3 போட்டுப் பாருங்கள். பிரியவில்லை என்றால் 3+4.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். சர்வரில் மாற்றுவது வெளியே போகும் திசைக்கு மட்டும். உள்ளே வரும் பாக்கெட் எந்தக் கேபிளில் இறங்கும் என்பதை ஸ்விட்ச் தன் கணக்கில் முடிவு செய்யும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம், ஒரு இணைப்பு எப்போதும் ஒரு கேபிளில்தான் போகும். ஒரு டாக்டர் ஒரு ஸ்கேனைத் திறந்தால் அவருக்கு ஒரு கிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது, எத்தனை கார்டு கட்டினாலும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போதுதான் பாண்டின் பயன் தெரியும்.


தென்மலைத்தூறல், செங்கோட்டை
வெள்ளி காலை 9.15

இன்டரப்ட் (பாக்கெட் வந்தது என்று கார்டு சிபியூவைக் கூப்பிடும் அழைப்பு) எல்லாம் ஒரே சிபியூவில் விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாமா?


வாளையார்க்காற்று, கஞ்சிக்கோடு
வெள்ளி காலை 10.00

பார்ப்பதில் தவறில்லை. இன்டரப்ட் கோப்பில் கார்டின் வரிகளில் சிபியூ 0 பத்தி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறதா, டாப் கட்டளையில் கேசாஃப்ட்ஐஆர்க்யூ (இன்டரப்ட்டின் மிச்ச வேலையைப் பார்க்கும் கர்னல் பகுதி) ஒன்று நூறு சதவீதத்தில் நிற்கிறதா, சாஃப்ட்நெட் புள்ளிவிவரத்தில் இரண்டாம் பத்தி (தவறவிட்ட பாக்கெட்டுகள்) ஏறுகிறதா. அந்த எண்கள் பதினாறு அடிமானத்தில் இருக்கும். கிகாபிட்டில் பெரிய பாக்கெட்டாகப் போகும் இடத்தில் இது அரிதாகவே தடையாகும். 10 கிகாபிட் கார்டு போடும் நாளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
வெள்ளி மாலை 5.30

2+3 போட்டேன். இரண்டு போர்ட்டும் ஓடுகின்றன, சரிபாதி இல்லை, ஏறக்குறைய ஆறுக்கு நான்கு. பேக்கப் பத்து மணிக்கு ஓடியதை யாரும் உணரவில்லை. 250 எம்பி ஸ்கேன் பத்தரைக்கு ஆறு விநாடியில் திறந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, சர்வரை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். இன்டரப்ட் பார்த்தேன், நான்கு சிபியூவிலும் பரவித்தான் இருக்கிறது.


தென்மலைத்தூறல், செங்கோட்டை
வெள்ளி மாலை 6.10

மிக்க மகிழ்ச்சி. சிடி அறை தனிக் கட்டிடமா? அங்கே போகும் கேபிள் வெளியில் செல்கிறதா?


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
வெள்ளி மாலை 6.25

ஆமாம், தென்னை மரங்களுக்கு நடுவே குழாய் போட்டு இழுத்திருக்கிறோம், அறுபது மீட்டர் வரும். செப்புக் கேபிள்தான். ஏன்?


தென்மலைத்தூறல், செங்கோட்டை
வெள்ளி மாலை 6.50

ஐப்பசிக்கு முன்னால் அதை ஃபைபருக்கு மாற்றுங்கள். துலாவர்ஷத்தில் (வடகிழக்குப் பருவமழையில்) மாலை நேர இடி உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் எப்படி விழும் என்று தெரியும். நேராகக் கேபிளில் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்தாலே வெளியில் போகும் நீளமான செப்புக் கம்பியில் மின் அழுத்தம் தூண்டப்படும், இரண்டு கட்டிடத்தின் எர்த் வேறு வேறாக இருந்தால் இன்னும் மோசம். எங்களுக்கு ஒரே மாலையில் ஒரு ஸ்விட்ச்சில் ஐந்து போர்ட் போனது. ஃபைபரில் மின்சாரம் போகாது. உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் போதும்.


நகரித்தறி, நகரி
வெள்ளி இரவு 8.00

கார்டு மாற்ற நேர்ந்தால் ஒன்று. இப்போதைய லினக்ஸில் கார்டின் பெயர் அது செருகியிருக்கும் இடத்தை வைத்து வருகிறது. புதிய பிசிஐ கார்டு ஒன்றைச் செருகினால் பழைய கார்டின் பெயரில் எண் நகர்ந்துவிடலாம். பாண்ட் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலையாக்கி லிங்க் கோப்பில் எழுதிவிடுங்கள்.


எல்லைக்கிணறு, கொழிஞ்சாம்பாறை
சனி மதியம் 12.20

எழுதிவிட்டேன் அக்கா. ஃபைபருக்கு விலை கேட்டு நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தப் போர்ட் எங்கே போகிறது, அதன் மேக் என்ன, என்ன வேகம் காட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இரவுப் பணியில் இருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிக்க மலையாளம்தான் வரும். அதனால் பக்கத்தில் மலையாளத்திலும் ஒரு பத்தி. லேப் சிஸ்டர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். 10.10.10.2-க்குப் போகும் மஞ்சள் கேபிளுக்கு நேராக "இதைத் தொடாதே" என்று இரண்டு மொழியிலும் இருக்கிறது. நான்காவது போர்ட்டில் தூசி போகாமல் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன்.